தோளில் இரண்டு தட்டு

மால்சேஜ் மலைச்சாலையில் லாசர் வண்டியோடு சறுக்கி விழுந்து அன்றோடு இருபத்திரண்டு நாள். வலது தொடையெலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு வரிசையாகப் போன மோட்டார் சைக்கிள் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் ஓட்டிப் போனவர் வேங்கடசுப்ரமணியன். வீடு திரும்பியதிலிருந்து மனிதர் தயிர்சாதத்தைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்.

பேசுவதில்லை என்பதைப் புதுக் குறையாகச் சொல்வதற்கில்லை. அது முப்பத்து நாலு வருஷத்துப் பழக்கம். முக்கியமான விஷயம் எதையும் மனைவி ஷ்யாமளாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு வராது. ரிடையரான கையோடு மோட்டார் சைக்கிள் வாங்கப் போவதை, அவள் மாவு அரைத்துக்கொண்டிருக்கும்போது கிரைண்டரிடம் சொன்னார். வண்டி செம்பூர் காலனி வாசலில் வந்து நின்ற பிறகுதான் அவளுக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் காலை ஆறரைக்கே ஷூ மாட்டிக்கொண்டு, “மாட்டுங்கா வரைக்கும் போயிட்டு வந்துடறேன்” என்று ஷூவைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கறிகாய் வாங்கத்தான் போகிறார் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். முருங்கைக்காய் வாங்கிண்டு வாங்கோ என்று சொல்வதற்குள் வண்டி கேட்டைத் தாண்டிவிட்டது.

ஏழரைக்கு வாசல் மணி அடித்தது.

வாசலில் மூன்று பேர். கூரியர் கம்பெனி சூப்பர்வைசர் கரீம் பாட்சா ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றார். முலுண்டிலிருந்து வந்த ரஞ்சனாவின் கையில் டிரில் மெஷின். பின்னால், பாங்கில் வேலை பார்க்கும் சாய்நாத் அரை மூட்டை சிமெண்டைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தார். மூவரும் செம்பூர் சண்டே ரைடர்ஸ். அவள் கணவரின் கூட்டாளிகள்.

“உள்ள வரலாமா அக்கா?” என்றார் கரீம் பாட்சா. “பின்னாடி ரூம், பாத்ரூம். ரெண்டும் இன்னிக்கே முடிச்சிடுறோம்.”

இந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மழைக்கு முந்தின மே மாச ஞாயிறுகளில் ரைடு கிடையாது. யாராவது ஒரு மெம்பர் வீட்டில் போய் இறங்கி, ஒழுகல், விரிசல், சுவர் ஈரம் எல்லாவற்றையும் கூட்டாகச் சரி பண்ணுவார்கள். தாராவியில் டைல்ஸ் மேஸ்திரியாக இருக்கும் லாசர்தான் தலைமை. மற்றவர்கள் எடுபிடி. இந்த வருஷம் தலைமை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறது, எடுபிடிகள் மட்டும் வந்து நிற்கின்றன.

“யாரு வரச் சொன்னா?”

“வெங்கி அங்கிள்தான், ஆண்ட்டி. உங்களுக்குத் தெரியும்னாரே!” என்றாள் ரஞ்சனா.

தெரியாதுதான். ஆனால் அடுத்த நிமிஷமே ஷ்யாமளாவுக்குப் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தாள். ஷ்ருதி வருகிறாள்! பெங்களூரிலிருக்கும் ஒரே பெண், தலைச்சன் பிரசவம், ஜூன் பத்தாம் தேதி டிக்கெட். அந்தப் பின்னறை அவளுக்குத்தான். பாத்ரூம் வழுக்குகிறது, பிள்ளைத்தாச்சிப் பெண் விழுந்து வைத்தால் என்ன பண்ணுவேள் என்று கணவரிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். நூறு தடவையும் அவர் ஜன்னலைப் பார்த்தார். பார்த்தால் என்ன? காதில் விழுந்துதான் இருக்கிறது!

“வாங்கோ, வாங்கோ! முதல்ல காப்பி சாப்பிடுங்கோ” என்று அவள் மனம் குளிர்ந்துபோய் உள்ளே ஓடினாள். உப்புமாவுக்கு முந்திரிகூட வறுத்துப் போட்டாள்.

வேலை ஆரம்பித்தது. பாத்ரூம் வாசலில் கால் தடுக்கும் கட்டையைச் சாய்நாத் உளியால் பெயர்த்தார். நல்ல யோசனை என்று ஷ்யாமளா சந்தோஷப்பட்டாள். கரீம் பாட்சா டேப்பை எடுத்து வாசலின் அகலத்தை அளந்தார். முகம் சுருங்கியது.

“இருபத்தாறு இஞ்ச்தான் இருக்கு அக்கா. இருபத்தெட்டாவது வேணும். இல்லேன்னா ரெண்டு பக்கமும் இடிக்கும்.”

“ஏன்பா, அவ என்ன அவ்வளவு குண்டாவா ஆயிட்டா?”

கரீம் பாட்சா டேப்பைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தார். “கதவைக் கழட்டிட்டுத் திரை போட்டா ரெண்டு இஞ்ச் கிடைக்கும்” என்றார்.

பின்னறையில் ரஞ்சனா கட்டிலின் நாலு காலுக்கும் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்திக்கொண்டிருந்தாள்.

“இவ்வளவு உசரமா எதுக்குடி?”

“முட்டி மடங்காதில்ல ஆண்ட்டி. தாழ்வா இருந்தா உட்கார்ந்து எழுந்துக்க முடியாது.”

“முட்டி மடங்காதா!”

“டாக்டர் சொல்லிட்டாரே. வலது கால்ல வெயிட்டே போடக் கூடாதாம், ஆறு வாரம். அதனாலதான் பாத்ரூம் கைப்பிடிகூட இடது பக்கம் போடறோம். டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க ஆண்ட்டி. எல்லாம் சரியாயிடும்.”

ஷ்யாமளாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெற்ற பெண்ணுக்குக் கால் மடங்கவில்லை, இந்த ரஞ்சனாவுக்குத் தெரிகிறது, தனக்குத் தெரியவில்லை! அப்பாவும் பெண்ணும் சேர்ந்து மறைக்கிறார்கள். அதுதான் மனிதர் சாப்பிடாமல் எழுந்து போகிறார். அவள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஷ்ருதிக்குப் போன் போட்டாள்.

“ஷ்ருதி, உன் கால் எப்படி இருக்கு?”

“கால்தானே? இருக்கு. ஏம்மா, ஞாயித்துக்கிழமை கார்த்தால...”

“முட்டி மடங்கறதா? மறைக்காம சொல்லு.”

“அம்மா! நேத்துதான் யோகா கிளாஸ் போயிட்டு வந்தேன். அப்பாவோட பைக்ல சுத்தி வெயில் தலைக்கு ஏறிடுத்தா உனக்கு?”

“அப்போ கதவு எதுக்கு இருபத்தெட்டு இஞ்ச்?”

“தண்ணி நிறையக் குடி, சாயந்திரம் கூப்பிடறேன்” என்று ஷ்ருதி வைத்துவிட்டாள். பெண் பொய் சொல்லவில்லை, குரலிலேயே தெரிந்தது. ஆனால் ரஞ்சனாவும் பொய் சொல்லவில்லையே! அப்படியானால் யாருடைய கால்?

கதவைத் திறப்பதற்குள் பாத்ரூமிலிருந்து, “அரே, அரே, அரே!” என்று ரஞ்சனாவின் அலறல். டிரில் மெஷின் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது. சுவரிலிருந்து தண்ணீர் பீறிட்டு எதிர்ச் சுவரில் அடித்தது. கரீம் பாட்சா கட்டைவிரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு நின்றார். சட்டை, மீசை எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்தது.

“லாசர் பாய்க்குப் போடு! வீடியோ கால் போடு!”

சாய்நாத் போனை எடுத்தார். ஆஸ்பத்திரித் தலையணையில் லாசரின் முகம் வந்தது. இருபத்திரண்டு நாள் தாடி, ஆனால் குரல் அதே மேஸ்திரிக் குரல்.

“எவம்லே அங்க ஓட்ட போட்டது? குழாய் மேலருந்து நேரா கீழ எறங்குதுன்னு நேத்தே படிச்சுப் படிச்சுச் சொன்னேம்லா! அந்த வீட்டுக்குப் பைப்பு போட்டவனே நாந்தான். சமையக்கட்டு வாசலுக்கு மேல ஒரு வால்வு இருக்கு. மொதல்ல அத மூடுங்க.”

வால்வை மூடியது ஷ்யாமளாதான். அவளுக்கு மட்டும்தான் அந்த இடம் தெரியும். தண்ணீர் நின்றது. அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது சாய்நாத் போனை அவள் பக்கம் திருப்பினார்.

“மதினி!” லாசரின் குரல் இறங்கிப்போனது. “வீட்ட ரணகளமாக்கிட்டானுவளா? நான் வந்து எல்லாம் சரி பண்ணிருதேன். புதன்கெழம டிஸ்சார்ஜ் மதினி.”

“வந்து... எங்கே வந்து?”

“ஒங்க வீட்டுக்குத்தான்! அண்ணாச்சி சொன்னாவ, ஒங்ககிட்ட கேட்ட ஒடனேயே சரின்னுட்டியளாம். சேசம்மா அழுதுட்டா, மதினி. எங்க வீடுதான் ஒங்களுக்குத் தெரியுமே. மாடிக்கு நட்டுக்குத்தா இரும்பேணி. ரெண்டு காலு உள்ளவனே பிடிச்சுப் பிடிச்சு ஏறணும். கீழ் ரூமு வாடகைக்கு இருக்கவன் திடீர்னு எங்க போவான்? எங்க போய்ப் படுக்கன்னு ரெண்டு பேரும் முழிச்சிட்டுக் கெடந்தோம். கூடப் பொறந்தவகூட இப்படிச் சொல்ல மாட்டா.”

ஷ்யாமளா திரும்பி, பின்னறையில் உயர்த்தி வைத்த கட்டிலைப் பார்த்தாள்.

“எல்லாம் என் தப்புதான் மதினி” என்று லாசர் தொடர்ந்தார். “அண்ணாச்சி முன்னால கை காட்டிருப்பாவ. நாந்தான் கவனிக்காமப் போய் ஜல்லியில விட்டுட்டேன். என்னால இப்போ எல்லாருக்கும் சிரமம்.”

“அதெல்லாம் ஒண்ணும் சிரமமில்லை” என்று அவள் வாய் சொன்னது. வேறு என்ன சொல்ல முடியும்? பக்கத்தில் அவர் மனைவி சேசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொள்வது திரையின் ஓரத்தில் தெரிந்தது.

பகல் பன்னிரண்டுக்குள் லாசர் போனிலேயே குழாயை ஒட்டவைத்து, கைப்பிடியை வேறு இடத்தில் மாட்டவைத்து, மூன்று பேரையும் வைது தீர்த்து அனுப்பிவிட்டார். போகும்போது கரீம் பாட்சா, “நீங்க பெரிய மனசுக்காரங்க அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனது அவளுக்கு முள்ளாகக் குத்தியது. கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை, ஆனால் பெரிய மனசு மட்டும் அவள் பேரில் ஊரெல்லாம் சுற்றுகிறது.

பின்னறைக்குப் போய்ப் பார்த்தாள். ஷ்ருதிக்கென்று துவைத்து மடித்து வைத்திருந்த பழைய புடவைத் துணிகளை யாரோ பத்திரமாக அலமாரி மேலே ஏற்றியிருந்தார்கள். கோபம் வந்தது. கண்ணீரும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

பன்னிரண்டரைக்கு வேங்கடசுப்ரமணியன் வந்தார். வண்டியின் பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய வாக்கர். மாட்டுங்காவில் ஒரு டிரஸ்ட், நோயாளிகளுக்கு இதையெல்லாம் இரவல் கொடுக்கிறது. கறிகாயும் இல்லை, முருங்கைக்காயும் இல்லை. வாக்கரைத் தூக்கிக்கொண்டு நேரே பின்னறைக்குப் போனவர், பாத்ரூம் கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டு, “நன்னாப் பண்ணியிருக்கா” என்று கைப்பிடியிடம் சொன்னார்.

“ஏன்னா” என்றாள் ஷ்யாமளா அறை வாசலை மறித்துக்கொண்டு. “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு உங்களுக்குத் தோணலையா?”

அவர் நிஜமாகவே குழம்பிப்போய் நிமிர்ந்தார். “கேட்டேனே.”

“எப்போ?”

“பத்து நாள் முன்னாடி. வாஷி பாலத்துல.”

“பாலத்துலயா? என்ன கேட்டேள்?”

“லாசரை ஆறு வாரம் நம்மாத்துல வெச்சுக்கலாமான்னு. நீதான் தோள்ல ரெண்டு தட்டு தட்டினியே!”

பின்னால் உட்காருகிறவளுக்கு அவர் கற்றுக்கொடுத்த பாஷை அது. தோளில் ஒரு தட்டு என்றால் மெதுவாகப் போ. இரண்டு என்றால் சரி. மூன்று என்றால் நிறுத்து. ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர் வைத்துப் பேசிக்கொள்ளும் மெஷின் வேறு வாங்கிக் கொடுத்திருந்தார். அது காதுக்குள் கொர்ரென்று இரைந்துகொண்டே இருக்கும். ஆசையாக வாங்கிக் கொடுத்தாரே என்று சொல்லவும் மனசு வராமல், ஒவ்வொரு தடவையும் செம்பூர் நாக்கா தாண்டுவதற்குள் அவள் அதை அணைத்துவிடுவாள்.

“எனக்கு ஒரு எழவும் கேட்கலை!” என்று கத்தினாள் ஷ்யாமளா. “நான் அந்தக் கருமத்தை அணைச்சுட்டேன்! கடல்ல பூநாரைக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. ரோஸ் கலர்ல, ஆயிரக்கணக்குல. அங்கே பாருங்கோன்னு தட்டினேன்!”

வேங்கடசுப்ரமணியன் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியதை முதுகைக் காட்டிண்டு கேட்டா இப்படித்தான் ஆகும். மௌனம் சம்மதம்னு ஊர்ல சொல்லுவா. இங்கே பட்சி பார்த்ததெல்லாம் சம்மதமாயிடுத்து! கரீம் என்னை என்ன நினைச்சிருப்பார்? பொண்ணு குண்டாயிட்டாளான்னு வேற கேட்டு வெச்சேன்...”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க அதிகமாகி, கதவு இல்லாத பாத்ரூம் நிலைச்சட்டத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“சரி, லாசர் வரட்டும். இந்த வீட்டு டைல் ஒவ்வொண்ணும் அந்த மனுஷன் கையால ஒட்டினது. ஏணியில ஏறுன்னு அவரைச் சொல்ல முடியுமா? ஷ்ருதி வந்தா நம்ம ரூம்ல இருக்கட்டும். நாம ஹால்ல பாய் போட்டுக்கலாம். அவகிட்ட நானே பேசிக்கறேன். இதை அன்னிக்கே ஆத்துல உட்கார்ந்து கேட்டிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்.”

அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ உயர்த்தி வைத்த கட்டிலில் மெல்ல உட்கார்ந்தார். கால்கள் தரையைத் தொடாமல் தொங்கின.

“அப்போ ரெண்டாவது தடவை தட்டினதும் பட்சியைப் பார்த்துத்தானா?” என்றார்.

“ரெண்டாவது தடவையா?”

“நான் ரெண்டு கேள்வி கேட்டேன். ரெண்டுக்கும் ரெண்டு ரெண்டு தட்டு தட்டினே.”

“ரெண்டாவது கூட்டம் வந்தது. அதுக்காகத் தட்டினேன்” என்றாள் ஷ்யாமளா. குரல் தானாகவே தாழ்ந்தது. “இன்னொண்ணு என்ன கேட்டேள்?”

அவர் வாக்கரைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாமல் போனதும், தன் இடது கையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“முன்னாடி போறவன் ஜல்லி கிடந்தா இடது கையை இறக்கிக் காட்டணும். பின்னாடி வரவா ஒவ்வொருத்தரா அதையே காட்டிண்டு வருவா. அதுக்குத்தான் முன்னாடி ஒருத்தன் போறது. அன்னிக்கு அந்தத் திருப்பத்துல நான் ஜல்லியைப் பார்த்தேன், ஷ்யாமா. நன்னாவே பார்த்தேன்.”

“அப்புறம்?”

“கையை எடுக்கலை. எடுத்தா நான் விழுந்துடுவேனோன்னு பயந்துட்டேன். ரெண்டு கையாலயும் ஹேண்டிலைப் பிடிச்சுண்டு நான் தப்பிச்சுட்டேன். எனக்குப் பின்னாடி வந்தது லாசர்.”

காலையில் லாசர் சொன்னது ஷ்யாமளாவின் காதில் திரும்ப ஒலித்தது. அண்ணாச்சி முன்னால கை காட்டிருப்பாவ. நாந்தான் கவனிக்காமப் போய் ஜல்லியில விட்டுட்டேன்.

“அவர் தன் தப்புன்னு எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருக்கார்” என்றாள்.

“ஆமா. அதைத்தான் பாலத்துல உன்கிட்ட கேட்டேன். நடந்தது நடந்து போச்சு, சொல்லாமயே இருந்துடட்டுமான்னு கேட்டேன். நீ ரெண்டு தட்டு தட்டினே. சரி, ஷ்யாமாவே சொல்லிட்டாளேன்னு இருந்துட்டேன். ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்குப் போறச்சே சொல்லிடலாம்னு தோணும். உன் தட்டை நினைச்சுண்டு வாயை மூடிண்டு வந்துடுவேன்.”

இருபத்திரண்டு நாளாக ஒரு மனுஷன் செய்யாத தப்புக்குத் தன்னையே வைதுகொண்டு கிடக்கிறான். அதில் பத்து நாளுக்கு அனுமதி கொடுத்தது அவள் கை. பறவை பார்த்துச் சந்தோஷப்பட்ட கை! கணவர் மேல் ஆத்திரம் பொங்கியது. கட்டிலில் கால் தொங்க உட்கார்ந்திருந்த அந்த அறுபத்தோரு வயசுக்காரரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. புதன்கிழமை லாசர் இதே கட்டிலில் வந்து படுப்பார், சேசம்மாள் நன்றி சொல்லிக்கொண்டே பாத்திரம் தேய்க்க வருவாள், தான் எந்த முகத்தோடு அவர்களுக்குக் காப்பி கொடுப்பது?

சமையலறை மேடையில் அவள் போன் அடித்தது.

எடுத்துக்கொண்டு வந்தாள். திரையில் லாசர். வீடியோ கால்.

“இப்போ வேண்டாம்” என்றார் வேங்கடசுப்ரமணியன். “அப்புறமாப் பேசிக்கலாம். நீ எடுக்காதே, ஷ்யாமா.”

அவள் எடுத்தாள்.

“மதினி, பிடி ஸ்ட்ராங்கா இருக்கான்னு கேக்கத்தான் கூப்ட்டேன். அண்ணாச்சி வந்துட்டாவளா?”

“வந்துட்டார்” என்றாள் ஷ்யாமளா. “உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்.”

போனைத் திருப்பிக் கணவரின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். இன்னொரு கையை அவர் தோளில் வைத்தாள். தட்டவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

“என்ன அண்ணாச்சி, பேசாம இருக்கிய?” என்றது லாசரின் குரல். “சொல்லுங்க.”